அப்பா லெதர் போட்ட ரேஸ் சீட்

1. லேபிள் எங்கே?

"லேபிள் எங்கம்மா?" என்று கேட்டார் சோதனை அதிகாரி.

ரேஸ் கார் சீட்டின் மேல் ஒரு சின்ன லேபிள் இருக்கும். இந்த சீட் சீக்கிரம் தீப்பற்றாது, மோதினால் உடையாது என்று சோதித்துச் சான்று கொடுத்ததற்கு அதுதான் அடையாளம். அது இல்லாத கார் டிராக்கில் இறங்க முடியாது. நான் குனிந்து பார்த்தேன். லேபிளைக் காணவில்லை. என்னுடைய பழைய கறுப்புத் துணி சீட்டையும் காணவில்லை. அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில், பளபளவென்று, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு ஒரு கல்யாண மண்டப சோபா உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்குது பாப்பா?" என்றார் பின்னால் நின்ற அப்பா.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் மேனேஜர். இளவயதில் டேனரி முதலாளியின் ரேஸ் காரை இரவல் வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறுகளில் ரேஸ் ஓட்டியவர். சாதாரண ரோட்டுக் காரையே உள்ளே காலி செய்து, இரும்புக் கூண்டு வைத்து ஓட்டுகிற சலூன் கார் பிரிவில் ஒரு வருடம் சாம்பியன் பட்டமும் வாங்கினார். சாமுவேல் என்றால் அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் இன்றைக்கும் எழுந்து கை கொடுப்பார்கள். நானும் அதே சலூன் கார்தான் ஓட்டினேன். அந்த வாரம் நான் முந்தின நாளே டிராக்குக்குப் போய்விட்டேன். கார் மறுநாள் விடிந்ததும் அப்பாவோடு டிரெய்லரில் வந்தது. அந்த ஒரு நாள் இடைவெளி அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"லேபிள் உள்ள பத்திரமா இருக்குது சார். மேல லெதர் போட்டிருக்கேன். ஃபுல் கிரெயின், எக்ஸ்போர்ட் சரக்கு. ஆம்பூர் பொண்ணு போயும் போயும் துணி சீட்லயா உக்காருவா?"

"எதை வெச்சு ஒட்டினீங்க?"

"சொல்யூஷன்தான் சார். ஷூவுக்குப் போடறது. பிச்சிக்கவே பிச்சிக்காது."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "அது சீக்கிரம் பத்திக்கிற பசை சார். இந்த சீட்டை நான் பாஸ் பண்ண முடியாது."

"லெதர் பத்தாது சார். வேணும்னா ஒரு தீக்குச்சி கொளுத்திக் காட்டட்டுமா?"

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கார்கள் பெட்ரோலோடு நிற்கின்றன. நான் அப்பாவின் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மெக்கானிக் முனீர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேம்மா. வேணாம் சார், ரூல் இருக்குதுன்னு. கேட்டாத்தானே. ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரு."

இன்று கார்ட்டிங் என்கிற சின்ன ரேஸ் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதில் பாதிப் பேர் ரேஸ்காரர்களின் பிள்ளைகள். "மேடம், உங்களுக்கென்ன, அப்பாவே ரேஸர், எல்லாம் ஈஸியா கிடைச்சிருக்கும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த சோபாதான் கண்முன் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. அவர் பொண்ணா?

என் முதல் கார்ட்டிங் போட்டியில் மைக் பிடித்தவர் என் பெயரையே சொல்லவில்லை. "அடுத்து வருவது நம்ம சாமுவேலின் மகள்" என்றார். மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கினேன். கோப்பையைக் கொடுத்த பெரியவர் அதை என்னிடம் நீட்டிக்கொண்டே அப்பாவிடம் அரை மணி நேரம் பேசினார். நான் கை வலிக்க நின்றேன். அடுத்த நாள் பேப்பரில் வந்த போட்டோவில் அப்பா முழுதாக இருந்தார், எனக்குப் பாதி முகம் இருந்தது.

கார்ட்டிங்கிலிருந்து சலூன் காருக்கு வந்தபோது ஸ்பான்சர் தேடி அலைந்தோம். எங்கள் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ரேஸ் ஷூ தருவார்கள் என்று நினைத்தேன். போட்டோ எடுக்கிற நாளில் நாலு இஞ்ச் ஹீல்ஸ் கொடுத்து, காரின் பானெட்டில் உட்காரச் சொன்னார்கள்.

"சார், இதைப் போட்டுக்கிட்டு பிரேக் அழுத்த முடியாது."

"ஓட்டவா சொன்னோம்? உக்காரத்தாம்மா சொன்னோம். ஹெல்மெட்டைக் கொஞ்சம் கழட்டிடு, முடியை அவுத்து உடு."

உட்கார்ந்தேன். டயர் வாங்கப் பணத்துக்கு வேறு வழி இல்லை. பானெட்டில் ஹீல்ஸ் கிழித்த கோடு அந்த சீசன் முழுவதும் இருந்தது.

ஆனால் இதையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அப்பாவின் ரேடியோவுக்கு ஈடாகாது. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். டிராக் ஓரத்தில் காரைக் கவனிக்கிற பிட்டிலிருந்து டீம் ஆள் பேசினால் ஓட்டுபவருக்குக் கேட்கும். "முன்னால் எண்ணெய் சிந்தியிருக்கிறது", "இன்னும் இரண்டு சுற்று" இப்படி நாலு வார்த்தை சொல்லத்தான் அது. எங்கள் பிட்டில் அதைப் பிடிக்க வேண்டியவர் முனீர் பாய். பச்சை விளக்கு எரிந்த மறு நிமிடம் அது அப்பா கைக்குப் போய்விடும்.

"பாப்பா, உள்ள போ! உள்ள போ! அவன் கதவைத் தொறந்துட்டான், இடம் இருக்குது! கடைசி வளைவுல மூணாவது கியரை உட்றாத! பாப்பா, கேக்குதா?"

அந்த மூணாவது கியர் அப்பா ஓட்டிய காருக்குச் சரி. என் காரின் இன்ஜின் வேறு, கியர் பல் வேறு. மூன்றில் போனால் வளைவைத் தாண்டியதும் கார் சோம்பி நிற்கும். இரண்டில்தான் போக வேண்டும். படம் போட்டுச் சொல்லிவிட்டேன். டேட்டா ஷீட்டைக் காட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "அது சரி, ஆனா மூணுதான் கரெக்ட்டு" என்பார். அவர் சொன்ன இடத்திலெல்லாம் உள்ளே நுழைந்து அந்த சீசனில் இரண்டு முறை காரை இடித்துக்கொண்டேன். பக்கத்து பிட்காரர்களின் ரேடியோவிலும் எங்கள் பேச்சு கேட்கும். இருபத்தாறு வயதில் பிட் லேன் முழுக்க எனக்குப் பாப்பா என்று பெயர்.

3. கடைசி வரிசை

சீட் பிரச்சினை வந்த வாரத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் இருந்தது. பெங்களூரைச் சேர்ந்த பெரிய டீம் ஒன்று அடுத்த சீசனுக்கு ஒரு டிரைவரைத் தேடியது. சம்பளம், இன்ஜினியர், வேண்டிய அளவு டயர், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹீல்ஸ் போட்டு பானெட்டில் உட்கார வேண்டியதில்லை. என்னையும் இன்னொரு பையனையும் பார்க்க கண்ணாடி போட்ட அதன் மேனேஜர் நரேன் அன்றைக்கு வந்திருந்தார். கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் யார் வேகம் என்று பார்ப்பதுதான் திட்டம். நானோ சீட் இல்லாத காரோடு நிற்கிறேன்.

கடைசியில் கோயம்புத்தூர் டிரைவர் ஒருவர் தன்னுடைய ஸ்பேர் சீட்டைக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் ஆள் என்னைப் போல இரண்டு மடங்கு. "எடுத்துக்கோ பாப்பா" என்று அவரும் சொன்னபோது வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். அதன் பிராக்கெட் எங்கள் காருக்குப் பொருந்தவில்லை. முனீர் பாய் துளை போட்டு மாட்டி முடித்து, அதிகாரி பாஸ் பண்ணுவதற்குள் தகுதிச் சுற்று முடிந்துவிட்டது. வேகமே பதிவாகாததால் கடைசி இடத்திலிருந்து கிளம்ப அனுமதி கிடைத்தது.

அப்பா லெதர் சீட்டைத் துணி போட்டு மூடி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். "சாயந்திரம் அந்த ஆபீசர்கிட்ட மறுபடி பேசிப் பாக்கறேன்" என்றார். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அசிங்கமாகியிருக்கும். அவ்வளவு கோபம்.

ரேஸ் தொடங்கியது. அந்தப் பெரிய சீட்டில் பெல்ட் இழுத்துப் பிடித்தும், ஒவ்வொரு வளைவிலும் என் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வந்தது. முதல் சுற்று முடிவதற்குள் காதில் ஆரம்பித்துவிட்டது.

"பாப்பா, உள்ள போ! நேரம் இல்ல! உள்ள போ! மூணாவது, மூணாவது!"

எனக்கு முன்னால் இரண்டு கார்கள் உரசிக்கொண்டு போயின. அப்பா சொன்ன இடைவெளி தெரிந்தது. நுழைந்தால் மூன்று பேரும் மண்ணில்தான் நிற்போம் என்பதும் தெரிந்தது. நேர் ரோடு வந்தது. ஹெல்மெட்டிலிருந்து தொங்கும் ரேடியோ ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் கழன்று மடியில் விழுந்தது.

செய்யக் கூடாத காரியம்தான். ஆபத்துச் செய்தி வந்தால் கேட்காது. டிராக் ஓரம் நின்று ஆபத்துக்குக் கொடி காட்டும் ஒவ்வொருவரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் என் காரின் சத்தத்தை நான் ஒழுங்காகக் கேட்டேன். முன்னால் போன இருவரும் அடுத்த சுற்றில் தாங்களே மோதிக்கொண்டு ஒதுங்கினார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராக, சமயம் பார்த்துக் காத்திருந்து, கடைசி வளைவை இரண்டாவது கியரில் எடுத்து, நேர் ரோட்டில் தாண்டினேன். நான்காவதாக வந்தேன். காரில் ஒரு கீறல் இல்லை, பழைய ஹீல்ஸ் கோட்டைத் தவிர.

நரேன் எங்கள் பிட்டுக்கு வந்தார். "ரேடியோ ரிப்பேரா? உங்க அப்பா அதைப் போட்டுத் தட்டிட்டே இருந்தார்."

"ரிப்பேர் இல்ல சார். நான்தான் புடுங்கினேன்."

சிரித்தார். "உங்களை எடுத்துக்கறோம். ஒரு கண்டிஷன். உங்க அப்பா பிட்டுக்குள்ள வரக் கூடாது. நீங்க சங்கடப்பட வேண்டாம், நானே பேசிக்கறேன்."

பல வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான். யாராவது இந்த மனிதரை வெளியே அனுப்பமாட்டார்களா என்று ஒவ்வொரு ரேஸிலும் வேண்டியிருக்கிறேன். ஆனால் இன்னொருவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவை நான் திட்டலாம், இவர் யார்?

"நீங்க பேச வேணாம் சார். நானே சொல்றேன்" என்றேன்.

4. நாற்பதில் போகிற ஜீப்

அன்றைக்குச் சாயங்காலமே, டிரெய்லரில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினோம். அப்பா ஜீப்பை ஓட்டினார். முனீர் பாய் பின்னால் லெதர் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். சாம்பியன் பட்டம் வாங்கிய அப்பா ரோட்டில் நாற்பதைத் தாண்டமாட்டார். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டின. வாலாஜா டோல்கேட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சில்லறை இல்லை என்று அங்கே சண்டை போட ஆரம்பித்துவிட்டார். சத்துவாச்சாரியில் சொல்லலாம் என்றால் அங்கே டிராஃபிக்கைத் திட்டினார். விரிஞ்சிபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, யோசிக்காமல் சொன்னேன்.

"ப்பா, பெங்களூர் டீம்ல என்னை எடுத்துக்கறாங்க. ஆனா நீ இனிமே பிட்டுக்கு வராத."

"யாரு சொன்னது? அந்தக் கண்ணாடிக்காரனா?"

"அவரும் சொன்னாரு. நானும் சொல்றேன்."

டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அது ஆறிய பிறகும் ஊதினார்.

"அப்ப மூணாவது கியரு யாரு சொல்லுவா?"

"ரெண்டாவது கியர்ப்பா! எனக்குத் தெரியும்ப்பா!"

"உனக்குத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பேசிக்கினு இருந்தா நீ கேக்கற, அதனால உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வளைவு, கியர், உள்ளே போ என்று இத்தனை வருடம் அவர் கத்தியதெல்லாம் பயத்தில் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பரிதாபமாக இருந்தது. அதற்காக அவர் செய்ததெல்லாம் சரியாகிவிடாது என்பதும் தெரிந்தது. "வராதப்பா" என்று மறுபடி சொன்னேன். சரியென்று தலையை ஆட்டினார். ஆம்பூர் வரும்வரை ஜீப் முப்பத்தைந்தில் போனது.

5. ஹாலில் ஒரு சீட்

அடுத்த சீசனிலிருந்து பெங்களூர் டீமில் ஓட்டினேன். முதல் வருடம் மூன்றாம் இடம், அடுத்த வருடம் சாம்பியன். பேப்பரில் என் முகம் முழுதாக வந்தது. கீழே "ரூத் சாமுவேல்" என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள். பிட்டுக்கு வராதே என்றதற்கு அப்பா டிராக் பக்கமே வரவில்லை. கேலரியிலாவது வந்து உட்காரலாம், அதையும் செய்யவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காரை யார் தயார் செய்திருந்தாலும், பெற்ற அப்பாவே செய்திருந்தாலும், சோதனைக்குப் போகுமுன் நீங்கள் ஒரு தடவை குனிந்து பாருங்கள். ரேடியோவை ஓடும்போது பிடுங்காதீர்கள். வீட்டு மனிதர்களிடம் சொல்ல வேண்டியதை, ரேஸ் தொடங்குவதற்கு முன்னால், வெளியாளை அனுப்பாமல் நீங்களே சொல்லுங்கள். நான் பல வருடம் முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மோதல் மிச்சமாகியிருக்கும்.

பெங்களூர் டீமில் என் முதல் ரேஸை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது ஹாலில் டிவிக்கு எதிரே லெதர் சீட் இருந்தது. மரப்பலகை அடித்து, அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அதில் உட்கார்ந்துதான் நேரலை பார்த்தாராம். ஜெயித்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாப்பா, இந்த லெதரு கொஞ்சம் வழுக்குது. நீ வளைவுல திரும்பசொல்ல நானும் கூடவே சாயறேனா, வழுக்கிக்கினு போய்டுது."

அன்றைக்கு வீணான தகுதிச் சுற்றுக்காக அப்பா என்னிடம் கேட்ட ஒரே மன்னிப்பு அது. சிரிப்பு வந்தது.

"பெல்ட் மாட்டிக்கப்பா" என்றேன்.

அடுத்த தடவை போனபோது முனீர் பாயை வைத்து சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தார்.