செல்லத்தாயியின் பத்து விரல்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை. பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் செல்லத்தாயி.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் குடியிருப்பவர். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். இருபத்தெட்டு வருஷமாக பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனில் வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தார். கவருக்குள் ஒரு செக்.

"சாரே, இத ஒண்ணு மாத்தித் தரணும். எனக்கு பேங்கில அக்கவுண்டு இல்லல்லோ..."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். யாராவது யோசனை கேட்டால் போதும்... எனக்குக் கால் தரையில் பாவாது. அதுவும் செக் விஷயம்! முப்பத்திரண்டு வருஷம் ஷிப்பிங் ஆபீஸில் வவுச்சரும் கையுமாகக் குப்பை கொட்டியவன் ஆயிற்றே.

செக்கை வாங்கிப் பார்த்தேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கோடவுனை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் டூரிஸ்ட்டுகளுக்காக கஃபே வரப்போகிறதாம். வேலை பார்த்தவர்களுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் இது. மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடு. கோடு போட்ட செக்கை யாருக்கும் கையில் காசாகத் தர மாட்டார்கள். பெயர் யாருடையதோ அவர் அக்கவுண்ட்டில்தான் போட வேண்டும்.

கோடவுன் முதலாளிக்கு போன் போட்டேன். கோடு இல்லாத செக் ஒன்று தர முடியுமா என்று கேட்டேன். "ஆடிட்டர் சம்மதிக்கில்ல சாரே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய தொகையைக் காசாகக் கொடுத்தால் அவருக்குத்தான் தலைவலி.

"கவலையே படாதீங்க. புதுசா அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிடலாம். அரை மணி நேர வேலை" என்றேன் செல்லத்தாயியிடம்.

அவருக்கு இருந்த அவசரம் எனக்குத் தெரியும். இங்கே பணயத்துக்கு வீடு பிடிப்பது வழக்கம். நம் ஊர் ஒத்திதான். ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். செல்லத்தாயி இருப்பது கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. கணவர் மாடசாமிக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. மாடிப்படி ஏற முடியாது. வீட்டுக்காரர் இன்னும் ஒரு லட்சம் பணயம் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு. அன்றைக்குத் தேதி பதினெட்டு.

கட்டிலில் கிடக்கும் மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பேங்குக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு, தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்றை நீட்டினாள்.

"சேச்சீ, விரல் ஒந்நு அமர்த்தி வைக்கூ."

செல்லத்தாயி வலது கட்டைவிரலை அழுத்தி வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலுக்கும் சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த விரல். ஹேண்ட் கிரீம் தடவி ஒரு தரம். ஈரத்துணியால் துடைத்து ஒரு தரம். இடது கை ஐந்தும் வைத்துப் பார்த்தாயிற்று. பத்து விரலுக்கும் சிவப்பு.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி செல்லத்தாயி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த விரல்களை நானும் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தெருவில் பார்க்கிறேன், பேசுகிறேன்... கையைப் பார்த்ததில்லை. வழவழவென்று வெளுத்திருந்தன. இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, காயவைத்து, சாக்குத்துணியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் நீக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம். இஞ்சித் தோலோடு இவர் ரேகையும் போய்விட்டது.

அந்தக் கை செய்த வேலைக்குத்தான் அந்த செக். அந்தக் கை சரியில்லை என்றுதான் அந்த செக் மாறவில்லை.

மறுநாள் ஆதார் மையம். அங்கேயும் அதே சிவப்பு. "குறைச்சு நாள் வேலைக்குப் போகாம இருந்தா ரேகை திரும்ப வருமாம். மெஷின்ல இருக்க அந்தப் பையன் சொல்றான்" என்றார் செல்லத்தாயி. கொஞ்சம் சிரித்தார். "வேலைதான் இல்லையே சாரே. இனி வரும்."

ரேகைக்காகக் காத்திருந்ததில் வெள்ளி, சனி, ஞாயிறு போயிற்று. திங்களன்று மறுபடி பேங்க். இந்தத் தடவை நேராக மேனேஜர் அறைக்கே போனேன். பாலக்காட்டுப் பெண்மணி. தமிழ் நன்றாக வரும். பொறுமையாகக் கேட்டார்.

"மெஷின் வேண்டாம் சார். பழைய மாதிரி பேப்பர் ஃபாரத்தில் செய்யலாம். போட்டோ, ஆதார் காப்பி, கையெழுத்து இல்லைன்னா கைநாட்டு. போதும்."

அப்பாடா! ஃபாரத்தை வாங்கி மளமளவென்று நானே நிரப்பினேன். கையெழுத்துக் கட்டம் வந்தது. அதில் 'இடது பெருவிரல் பதிவு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஆபீஸ் பழக்கம். சுமை தூக்குகிறவர்கள், லோடு இறக்குகிறவர்கள்... அவர்கள் கூலி வவுச்சரில் அப்படித்தான் எழுதுவோம். அதோடு விட்டேனா? பையிலிருந்து மை டப்பாவையும் எடுத்து வைத்தேன். வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். என் முன்யோசனையை மெச்சி மேனேஜர் இரண்டு வார்த்தை சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

செல்லத்தாயி டப்பாவைப் பார்த்தார். விரலை மையில் தோய்த்து வைத்தார்.

பேப்பரில் விழுந்தது ஒரு நீலத் திட்டு. நடுவில் ஒரு கோடு இல்லை, சுழி இல்லை.

மேனேஜர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "யார் வச்சாலும் இப்படித்தானே இருக்கும்? நாளைக்கு இந்தப் பணத்தை வேற யாராவது வந்து எடுத்தா, அது இவங்க இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? இதை வாங்க முடியாது சார்."

தேதி இருபத்துமூன்று. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? மெஷின்மேலா, அந்த மேனேஜர் அம்மாள்மேலா? ஃபாரத்தை மடிக்க ஆரம்பித்தேன்.

செல்லத்தாயி மெதுவாகக் கேட்டார்.

"மேடம்... நான் ஒப்பிடட்டா?"

ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் செல்லத்தாயியைப் பார்த்தேன். புது ஃபாரமும் பேனாவும் வந்தன. விரல் மையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மேஜையில் முழங்கையை ஊன்றி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தன் பெயரை... மலையாளத்தில். இரண்டாவது ஃபாரத்திலும் போடச் சொன்னார் மேனேஜர். அச்சு அசல் அதே கையெழுத்து.

"எப்போ கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"இங்க பஸ்ஸுல தமிழ்ல போர்டு இல்லல்லோ சாரே. வைப்பின் போகணும்னா இடக்கொச்சி பஸ்ஸுல ஏறிருவேன். எத்தர நாள் அப்படி இருக்கது? ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் பார்த்து, எழுதிப் படிச்சேன்."

"அப்போ கோடவுன்ல கையெழுத்துதான் போடுவீங்களா?"

"அவங்க மை டப்பாவத்தான் நீட்டுவாங்க. பேனாவ ஆரும் நீட்டல."

சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். அங்கே என் மை டப்பா திறந்து கிடந்தது. அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு வாரமாக இந்த மனுஷியோடு அலைகிறேன். எத்தனை யோசனை சொன்னேன்! எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? ஏன் கேட்கவில்லை? அந்தச் சேலை, அந்தக் கை, அந்த சுக்கு வாசனை... பார்த்தவுடனேயே கட்டத்தை நிரப்பிவிட்டேன். ஆபீஸிலும் எத்தனை பேருக்கு இப்படி நிரப்பினேனோ. எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உதவி செய்யக் கிளம்புகிறவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான். எதிரில் இருப்பவரைப் பற்றி எல்லாம் தெரிந்தமாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் அக்கவுண்ட் வந்தது. அன்றே செக்கைப் போட்டோம். அடுத்த நாள் மாலை பணம் ஏறிவிட்டது. இருபத்தேழாம் தேதி வித்ட்ராயல் ஃபாரத்தில் அவரே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்தார். நான் கூடப் போனேன். பேனாவை மட்டும் நீட்டினேன்.

அன்று சாயங்காலம் மறுபடி வாசலில் செல்லத்தாயி.

"சாரே, வீடு நின்னு. இனி மூணு வருஷத்துக்கு ஒண்ணும் பேடிக்கண்டா, பயமில்ல. அவரு இன்னைக்குத்தான் ஒழுங்காச் சோறு உண்டாரு."

கும்பிட்டார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் கும்பிட்டேன்.

அவர் போனதும், கடைக்குப் போயிருந்த மனைவிக்குச் சேதி சொல்லலாம் என்று செல்போனை எடுத்தேன். திறப்பதற்குக் கட்டைவிரலை வைத்தேன். பட்டென்று திறந்துகொண்டது.

முப்பத்திரண்டு வருஷம் உழைத்த விரல் என்று பெயர்... ஒரு கோடுகூடத் தேயவில்லை!