அரைக்கை ரவிக்கை

“…வெளிச்சத்துல வந்து நல்லாப் பாரு தங்கச்சி. ஒரு கறை இருக்கா, சொல்லு? இனிமே அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாதுலா!”

புந்தோங்கில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. நான் தைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஜன்னல் பக்கம் நீட்டியபடி அக்கா இப்படிச் சொன்னார். அன்று எங்கள் கோயில் திருவிழா. வருடக்கணக்காக மணிக்கட்டுவரை மூடும் முழுக்கை ரவிக்கையைத் தவிர வேறெதையும் என்னிடம் கேட்காதவர், முதல் தடவையாக அரைக்கை வைக்கச் சொல்லியிருந்தார். கைகள் கழுவி வைத்த தட்டுப்போல் தெளிவாக இருந்தன. எனக்கும் சந்தோஷம்தான்.

அக்கா பக்கத்துச் சந்தில் குடியிருந்தவர். ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். காய்கறி லோரியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். இருவருமே கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது டவுனுக்கு வந்தவர்கள். அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. லோரியில் ஏறும் நாளைவிட வீட்டில் உட்காரும் நாள்தான் அதிகம். அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில்.

முதல் தடவை அளவெடுத்தபோதே நான் பார்த்துவிட்டேன். மேல்கையில் நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல் கருநீலம். அதன் பக்கத்தில் பழையது ஒன்று, மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. என் தொழிலில் இப்படிப்பட்ட கைகள் புதிதல்ல. கதவில் இடித்துக்கொண்டேன், குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லி முழுக்கை கேட்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்தக் கதவுகள் இரவில் குடித்துவிட்டு வருகிற கதவுகள். அக்கா கதவு, வழுக்கல் எதையும் சொல்லவில்லை. “நீ நெனைக்கிறது இல்ல தங்கச்சி. மாத்திரை,” என்றார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய், துடிப்பு தாறுமாறாகிவிட்டதாம். உள்ளே ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று அதை இளக்கி வைக்க மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பெட்டியின் முனை லேசாகப் பட்டால்கூடத் தோலுக்கடியில் கசிந்து நீலம் பாய்ந்துவிடும். பெரிதாக வந்தால் உடனே வந்து காட்டு, ஆனால் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். “என் தோலு இப்ப வாழப்பழம் மாதிரிலா, தொட்டாலே கறுத்துடுது,” என்று சிரித்தார். அக்கா எதையும் சாப்பாட்டை வைத்துத்தான் சொல்வார். அவருடைய சூப்பர்வைசர்கூட ‘உப்பு கூடிப்போன ஊறுகாய்’தான்.

இதை வெளியே சொன்னால் என்ன என்று கேட்டேன். அந்தச் சந்திலிருந்து பாதிப் பெண்கள் அவரோடு ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போகிறவர்கள். நெஞ்சு நோவு என்று ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் காதில் விழுந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது. முன்பு ஒருத்திக்கு அப்படி ஆனதை அக்கா பார்த்திருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டார். பழி அண்ணன் தலையில் விழுந்தது.

தேத்தண்ணிக் கடையில், “என்ன மச்சான், நேத்து யாரு ஜெயிச்சா, நீயா எங்க தங்கச்சியா?” என்பார்கள். அண்ணன் கிளாஸைக் காலி செய்து வைத்துவிட்டு எழுந்து வருவார். குடிப்பழக்கம் இல்லாத மனிதர், சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டார். எப்படி அண்ணே பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பேரு போனா பசிக்காதுலா. அவ வேலை போனா பசிக்கும்,” என்றார்.

கோப்பெங்கில் அக்காவின் பெரிய அண்ணன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தைக்குப் பாவாடை தைத்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் அக்கா சாம்பார் வாளியைத் தூக்கியபோது சேலைத் தலைப்பும் ரவிக்கைக் கையும் ஏறிக்கொண்டன. நீலம் தெரிந்தது. அக்காவின் பெரிய அண்ணன் எங்கிருந்து வந்தாரோ தெரியாது, வந்த வேகத்தில் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். “எங்க வீட்டுப் பொண்ணு ஒனக்கு மாடாடா?” பந்தி முழுவதும் கேட்கும்படி ஓர் அறை. மூக்குக்கண்ணாடி தெறித்து இலையில் விழுந்தது. அதே பந்தியில் அக்காவோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தபடி வாளியோடு நின்றார். வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் சாம்பாரைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “வா, போலாம்,” என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் கைகள் தெளிய ஆரம்பித்தன. அண்ணன் கேமரன் மலைக்கு லோரியில் போயிருந்த ஒரு நாள், தனியாக பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகவும், டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார். அண்ணன் நம்பினார். நானும் நம்பினேன். நல்ல சேதியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஊர் அதைவிடச் சந்தோஷப்பட்டது. “ஒரே அறை, ஆளு சரியாயிட்டான் பாத்தீங்களா?” என்று அறைந்த மச்சான்காரர் போகிற இடமெல்லாம் சொன்னார். ஒரு கூடை டுரியான் பழத்தோடு வந்து சமாதானமும் ஆனார். கேலி பேசின வாய்களே கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தன. செய்யாத குற்றத்திலிருந்து திருந்திய பெயர் அண்ணனுக்கு. அவர் சிரித்து நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நாளில்தான்.

திருவிழா முடிந்த வாரம், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே அக்காவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். “நாந்தான் டாக்டர் தெனமும் தண்ணி ஊத்திக் குடுப்பேன். எங்கண்ணு முன்னாலதான் வாயில போடுவா,” என்றார் அண்ணன். மருந்து ரத்தத்தில் இல்லை என்றார் டாக்டர். பிறகு, அவர்கள் வீட்டுப் பின்வாசல் கற்பூரவல்லித் தொட்டியைக் கிளறியபோது மண்ணில் பாதி கரைந்த மாத்திரைகள் கிடந்தன. நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்து, அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்ன அன்று உண்மையிலேயே போனாரா, யாருக்குத் தெரியும்? அக்கா அதன்பிறகு பேசவில்லை. பேசாமலே போய்விட்டார்.

சாவு வீட்டில் மச்சான்காரர் அண்ணனைக் கட்டிக்கொண்டு, “நீ திருந்தி வாழுற நேரத்துல போயிட்டாளேடா,” என்று அழுதார். இனி என்ன வேலை போய்விடப் போகிறது, உண்மையைச் சொல்லிவிடுங்கள் அண்ணே என்றேன்.

“சொன்னா, அப்ப ஏன் மாத்திரையை நிறுத்துனானு கேப்பாங்க. புத்தி இல்லாதவள்னு அவளைப் பேசுவாங்க. வேணாம் தங்கச்சி. நான் திருந்துனவனாவே இருந்துட்டுப் போறேன்.”

இப்போது அண்ணன் இந்தப் பக்கம் குடியில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரு போடாத. மாத்திரை சாப்புடுறவங்க யாராச்சும் படிச்சா சரி,” என்றார். இன்றைக்கும் என்னிடம் முழுக்கை கேட்டு வருகிறார்கள். டேப்பைக் கையில் சுற்றும்போது, “மாத்திரையா?” என்று மெதுவாகக் கேட்கிறேன். சிலர் ஆமாம் என்கிறார்கள். சிலர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். இரு சாராரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறேன்.

அக்கா கைகளை நீட்டி நின்றதும் அந்த ஜன்னல் பக்கம்தான். ஒரு கறையும் இல்லை அக்கா என்று சொன்னேன். வெளியே அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். எப்போதும் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர் அக்கா. அன்று ஏறி உட்கார்ந்து, தலைப்பைத் தோளுக்கு மேல் தள்ளிவிட்டு, இரண்டு வெறும் கைகளாலும் அவருடைய இடுப்பைச் சுற்றி வளைத்து விரல்களைக் கோத்துக்கொண்டார். பிறகு அவர் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படியாக, “தேத்தண்ணிக் கடைப் பக்கமாப் போங்க. மெதுவா,” என்றார்.