அண்ணியும் சிவப்பு மருந்தும்

என் அண்ணிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, பல்தான் நிற்கும். பல் மருத்துவமனையில் பற்காரை சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை, பதினெட்டு வருடமாக. நான் கட்டிக்கொள்ளப்போகிறவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, "ஈறு நல்லா இருக்கு, முடிச்சிடலாம்" என்று என் காதைக் கடித்தவர். "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்" என்று புளுகுகிற நோயாளிகளை, "உங்க ஈறு வேற கதை சொல்லுதே" என்று மடக்கிவிடுவார்.

மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனி அறை வரப்போகிறது என்றதும், அது தனக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்குக் குழந்தைகள் பல்நலத்தில் ஆறு மாத மேற்பயிற்சி முடிக்க வேண்டும். படிப்பில் அண்ணி புலி. செய்முறைத் தேர்வில்தான் கோட்டை விட்டார். அவர் "வாயைத் திற" என்ற தொனியில் குழந்தையின் அம்மா வாயைத் திறந்துவிட்டாராம். குழந்தை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதாம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் அந்த அறை வேறொருவருக்கு.

இரண்டாவது தேர்வுக்கு என் நாலு வயது மகளைக் கூட்டிப்போனோம். இருபது நிமிடத்துக்குள் குழந்தை தானாக வாயைத் திறக்க வேண்டும். மிரட்டக் கூடாது, மிட்டாய் ஆசை காட்டக் கூடாது. எதையும் முதலில் சொல்லி, தனக்கே செய்து காட்டி, அப்புறம்தான் குழந்தைக்குச் செய்யலாம். தேர்வாளர் அம்மாள் மூலையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணி எங்கிருந்தோ ஒரு கனிவான குரலை வரவழைத்துக்கொண்டார். "இந்தச் சிவப்பு மருந்தைத் தடவினா, பல்லுல அழுக்கு இருக்கிற இடம் மட்டும் சிவப்பாத் தெரியும். முதல்ல பெரியம்மாவுக்கு!" தடவி, கொப்பளித்து, ஈ என்று காட்டினார்.

இடது பக்கம் முழுக்கச் சிவப்பு.

"பெரியம்மா, நீ பல்லே தேய்க்கலையா?"

"அது... காலையில அவசரம்மா... இந்த பிரஷ்ஷும் சரியில்ல..." பதினெட்டு வருடமாக நோயாளிகள் சொன்ன சால்ஜாப்பெல்லாம் அண்ணி வாயிலிருந்தே வரிசையாக வந்தது. தேர்வாளர் ஏதோ எழுதினார். அண்ணியின் முகம் தொங்கிவிட்டது.

"சரியாத் தேய்க்கலடா கண்ணு. பரீட்சை பயத்துல ஓடி வந்துட்டேன்."

"பரவாயில்ல, அழாத. ஆ காட்டு." மகள் அண்ணி கையிலிருந்த, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். பதிமூன்று நிமிடம் அண்ணியின் வாய்க்குள்ளேயே குடியிருந்தாள். அதட்டினாள், பல்லை எண்ணினாள். ஆறுக்கு அப்புறம் ஒன்பது வந்தது. அண்ணி அசையாமல் வாயைத் திறந்தபடி இருந்தார். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது மகள் தானாகவே நாற்காலியில் சாய்ந்து, "இப்ப எனக்குப் பாரு" என்றாள்.

அண்ணி குனிந்தார். "தம்பி, இங்க வாங்க. கடைவாய்ப்பல் ஓரத்துல சுண்ணாம்பு மாதிரி தெரியுதா?"

"வெள்ளையா இருந்தா நல்லதுதானே அண்ணி?"

"சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கும். இப்பவே பார்த்துட்டோம், துளைக்காமலே சரி பண்ணிடலாம்."

மகளுக்குத் தினமும் பல் தேய்த்துவிடுவது நான்தான். அதாவது, பிரஷை அவள் கையில் கொடுத்துவிட்டு ஃபோனைப் பார்ப்பது நான்தான். அண்ணி என்னைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவரோ சிவப்புப் பல் தெரியச் சிரித்து, "வாங்க, எப்படித் தேய்ச்சு விடணும்னு காட்டுறேன்" என்று என் கையில் பிரஷைக் கொடுத்தார்.

"நேரம் முடிஞ்சிடுச்சு. நீங்க பாஸ்" என்று தேர்வாளர் சொன்னது அண்ணி காதில் விழவே இல்லை. என் கையைப் பிடித்து, மகளின் கடைவாயில் பிரஷை எப்படிச் சாய்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.