மூட்டியவர்: தெரியவில்லை

"வெண்ணாற்றங்கரையில் பேரூராட்சிக்குச் சொந்தமான பொது இடங்களில் எவரும் திறந்தவெளியில் தீ மூட்டுதல், அடுப்பமைத்துச் சமைத்தல், பொருட்களை எரித்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

பங்குனி நான்காம் நாள், திங்கட்கிழமை காலை, ஆற்றங்கரை இலுப்பை மரத்தில் ஆணியடித்திருந்த இந்த அறிவிப்பைச் சொல் பிசகாமல் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 'ந.க. எண்' என்று அச்சிட்டிருந்தார்கள். எதிரே எண் இல்லை, புள்ளிகள் மட்டும் இருந்தன. தீர்மானம் நிறைவேறிய தேதி இல்லை. கையெழுத்து இருந்தது, படிக்க முடியவில்லை. ஆணி இறங்கிய இடத்தில் மரத்தின் பால் வடிந்து காகிதத்தின் ஓரம் ஒட்டிப்போயிருந்தது.

படித்துவிட்டு நான் மகிழ்ந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த மரத்திலிருந்து கிழக்கே கூப்பிடு தூரத்தில் ஊர்க் குப்பைமேடு. பேரூராட்சி வண்டிதான் தினமும் கொண்டுவந்து கொட்டும். ஓட்டல் இலைகள், பால் பாக்கெட், மருந்துக்கடை அட்டை, கிழிந்த டயர், குழந்தைகளின் மூத்திரத் துணி. கொட்டுகிற இடம் நிரம்பும்போதெல்லாம் விடியற்காலையில் அது எரியத் தொடங்கும். கீழைக்காற்று அடித்தால் புகை நேராக எங்கள் தெருவுக்குள் வரும். என் மனைவிக்கு இழுப்பு. தஞ்சாவூர் டாக்டர் ஒவ்வொரு முறையும் "புகை இல்லாத இடமா பாத்து இருங்க" என்று சொல்லி அனுப்புவார். எங்கே போய் இருப்பது என்று அவர் எழுதித் தரவில்லை.

பொதுப்பணித் துறையில் மதகில் நீர்மட்டம் பார்த்து எழுதும் வேலையில் இருந்தவன் நான். தினமும் காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து, கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கட்டங்கள் விடவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், இடம், புகையின் நிறம், மூட்டியவர். முந்தைய ஆண்டு ஆடி முதல் மாசி முடிய, கரையில் எரிந்த ஒவ்வொரு தீயையும் எழுதினேன். ஒவ்வொரு தீயையும் என்பதில்தான் என் தவறு இருக்கிறது. ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் அது பதிவேடு ஆகாது என்ற பிடிவாதம். அதனால் குப்பைமேட்டோடு, அறுவடைக்குப் பின் வந்து தங்கிய வாத்துக்காரர்கள் சோறு வடித்த அடுப்பையும் எழுதினேன். இலுப்பை மரத்தடி முனியனுக்குப் பொங்கலிட்டவர்களின் அடுப்பையும் எழுதினேன். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, மனுவோடு இணைத்து, பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கினேன். அதற்குப் பிறகு வந்ததுதான் மேலே கண்ட அறிவிப்பு.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுப் பெண்மணி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பெற்றோர் காலம் வரை பண்ணை வேலை. அவர் நடவு நட்டு, குத்தகைக்கு நிலம் பிடித்து, ஒரே மகனைப் படிக்கவைத்துச் சிங்கப்பூர் அனுப்பினார். மருமகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. அதற்காக முனியனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டுதல். மகன் மூன்று வார விடுப்பில் அதற்கென்றே வந்திருந்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முனியனுக்கு வெட்டிய கிடா அந்த மரத்தடியிலேயே வெந்து, அங்கேயே படையலாகி, அங்கேயே உண்டு முடிய வேண்டும். ஒரு எலும்புகூட வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் ஆற்று மணலில் புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். உண்டு முடியாவிட்டால் வேண்டுதல் நிறைவேறியதாகக் கணக்கில்லை.

அவர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார். "அண்ணே, மரத்துல ஏதோ ஒட்டியிருக்கானுவளே, எங்களுக்குமா அது?"

"இல்லம்மா, அது குப்பைக்கு. நான் மனு குடுத்ததுக்கு வந்தது. நீங்க பாட்டுக்கு வைங்க" என்றேன்.

இதை நான் சொன்ன நாளையும் குறித்திருக்கிறேன்: வெள்ளிக்கிழமை.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கிடா வெட்டு முடிந்தது. மூன்று அடுப்பு மூட்டினார்கள். ஒன்றில் சோறு, இரண்டில் கறி. மகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தான். "சிங்கப்பூர்ல இதுக்கெல்லாம் பார்க்குல இடம் புக் பண்ணணும் மாமா. சுட்டுத் திங்கறதுக்கு அவனே அடுப்பு கட்டி வெச்சிருக்கான்" என்றான். "அப்ப முனியனையும் அங்கயே கூட்டிட்டுப் போயிரு, வாடகை மிச்சம்" என்றார் அவன் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பதினொன்றரைக்குப் பேரூராட்சியின் தண்ணீர் லாரி வந்து நின்றது. மேற்பார்வையாளர் இறங்கினார். கையில் காகிதங்கள்.

"யாரு சமையல்? அணைங்க."

"சார், சாமி காரியம் சார். இன்னும் ஒரு மணி நேரம். சாப்ட்டதும் நாங்களே கூட்டிப் பெருக்கிட்டுப் போயிடுறோம்" என்றார் பெண்மணி.

"போர்டு பாத்தீங்கல்ல? மேலருந்து ஃபோன் மேல ஃபோன். நான் என்னம்மா பண்றது?"

"கறி பாதி வெந்திருக்கு சார். இத வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாது சார்."

"வீட்ல கேஸ் இருக்குல்ல? அங்க போயி வேக வைங்க."

நான் குறுக்கே போனேன். இது குப்பைக்கான தடை என்றேன். கிழக்கே கையைக் காட்டினேன். அன்று காலையும் அங்கே கரும்புகை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. லாரியின் குழாயைத் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி இழுத்து வந்தார். மேற்பார்வையாளர் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி மூன்று அடுப்பிலும் தண்ணீரை அடித்தார். சாம்பல் பொங்கி எழுந்து திறந்திருந்த கறி அண்டாவுக்குள் விழுந்தது. விறகு சீறியது. குழந்தை அழத் தொடங்கியது. படையலுக்கு வெட்டி வைத்திருந்த தலைவாழை இலையில் கரித்தண்ணீர் ஓடியது.

அன்று மாலை மூன்று மணிக்கு அவ்வளவு கறியையும் மணலில் புதைத்தார்கள். ஒருவர்கூட ஒரு வாய் உண்ணவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். எழுத்தர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"குப்பை எரியறதுக்கு மனு குடுத்தேன். நீங்க அடுப்பை அணைச்சிருக்கீங்க."

"சார், உங்க மனு மேலதான் நடவடிக்கை எடுத்தோம். எல்லாம் உங்க நோட்டுலயே இருக்கே."

என் ஜெராக்ஸ் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். சில வரிகளின் அடியில் சிவப்புக் கோடு. ஒன்று, முந்தைய ஆண்டு நான் எழுதியது: 'ஞாயிறு, காலை 9.10. இலுப்பை மரத்தடி. வெண்புகை, குறைவு. மூட்டியவர்: எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டார், உறவினர் வேண்டுதல்.' அதன் மேலும் கீழும், 'காலை 5.40. குப்பைமேடு. கரும்புகை. மூட்டியவர்: தெரியவில்லை.' அவற்றில் ஒன்றிலும் கோடு இல்லை.

"இதுல யாருன்னு இருக்கு சார், நோட்டீஸ் குடுக்கலாம். அதுல தெரியலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தெரியாதவங்க மேல எப்படி சார் நடவடிக்கை எடுக்கறது?"

"உங்க குப்பை, உங்க வண்டி, உங்க இடம். வேற யார் கொளுத்துவா?"

"அது தானா எரியுது சார். உள்ள வாயு இருக்காம்."

எட்டு மாதமும் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் மட்டும் பற்றிக்கொள்ளும் வாயு! மேசையைத் தட்டிக் கத்தினேன். பணியில் இருந்த காலத்தில் ஒருநாளும் நான் அப்படிக் கத்தியதில்லை. எழுத்தர் கோபிக்கவில்லை. அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் எடுத்துத் தந்தார். தீயணைப்பு நிலையத்தின் தடையின்மைச் சான்று இணைக்க வேண்டுமாம். பரிசீலிக்க முப்பது நாள். மகனுக்கு வியாழக்கிழமை விமானம்.

திரும்பி வந்து அந்தப் பெண்மணியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் நோட்டுத்தான் காரணம் என்றும் சொன்னேன். அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்து அளவ முப்பது வருசம் எழுதுனீங்க, கடைமடைக்குத் தண்ணி வரல. எங்க அடுப்ப ஒரு வரிதான் எழுதுனீங்க. லாரியோட வந்துருச்சு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்: "பூசாரியக் கேட்டேன். கிடா குடுத்தது குடுத்ததுதான், சாப்புடுறதுதான் பாக்கி நிக்கிது, ஒரு சேவல் அறுத்து அங்கயே ஆக்கித் தின்னா சரியாப் போயிடும்ங்கறாரு. ஆனா புள்ள பேர்ல கேசு கீசு போட்டுட்டானுவன்னா? பாஸ்போர்ட்டு சமாச்சாரம்ணே."

"மூட்டினது யாருன்னுதானே கேக்குறான்? நான் மூட்டுறேன்."

"நீங்க சும்மா பேருக்குச் சொல்லுவீங்க."

"பேருக்கு இல்லம்மா. தீப்பெட்டிய எங்கிட்ட குடுங்க. பொய் எழுத மாட்டேன்."

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு நானே குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரே அடுப்பு. என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இந்தப் புகை ஒண்ணும் பண்ணாது, அந்தப் புகைதான்" என்றார். எட்டரைக்கு மேற்பார்வையாளர் இருசக்கர வண்டியில் வந்தார்.

"மறுபடியுமா? யாரு மூட்டுனது?"

"நான். அப்பா பேரு, கதவு எண் எல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க."

"சார், நீங்க பெரியவங்க. நீங்களே மனு குடுத்துட்டு நீங்களே..."

"எழுதுங்க. எழுதிட்டு அதையும் எழுதுங்க." கிழக்கே காட்டினேன். "அதை மூட்டுனது யாரு?"

அவர் அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்த்தார். குப்பைமேட்டுப் புகை படுத்தபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவரும் இருமினார். என் பேரை எழுதிக்கொண்டு, வேறு எதுவும் பேசாமல், வண்டியைத் திருப்பினார். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் படையல் முடிந்தது. பதினோரு பேர் உண்டோம். எலும்புகளை மணலில் புதைத்தோம். பெண்மணி எனக்கு இரண்டாம் முறை சோறு போடும்போது, "நல்லா சாப்புடுங்க, குத்தவாளிக்குப் பசிக்கும்" என்றார்.

எனக்கு வந்த நோட்டீஸ் இதோ மேசைமேல் இருக்கிறது. இதில் எண்ணும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. பொது இடத்தில் தீ மூட்டியதை நான் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். அது உண்மை.

அன்றைய பக்கத்தில் என் பதிவேட்டில் இரண்டு வரிகள். காலை 7.15, இலுப்பை மரத்தடி, வெண்புகை, மூட்டியவர்: நான். காலை 5.50, குப்பைமேடு, கரும்புகை. இந்த இரண்டாவது வரியின் கடைசிக் கட்டத்தில் பேரூராட்சி என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அந்தப் புள்ளி மட்டும் இருக்கிறது. அங்கே குச்சியைக் கிழிக்கும் கையை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. யாருடைய கை என்று எனக்குள் சந்தேகமில்லை. ஆனால் பதிவேட்டின்படி அது இன்னும் உறுதிப்படாத செய்திதான்.