சிக்னல் பக்கத்தில் ஒரு புகைப் பரிசோதனைக் கடை

ஊரில் எல்லோரும் புகையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். நான் அதன் வாயில் குழாயைச் செருகி, "இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை முறுக்குங்க" என்று கேட்கிறவன்.

புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் சிக்னலை ஒட்டி வாகனப் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குப் பின்னால் என் மனைவி ஆரோக்கியமேரி. சைலன்சரில் குழாய் செருகுவது நான். நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, பாஸா பெயிலா என்று வாய்விட்டுச் சொல்வது மேரி. கெட்ட பெயர் முழுக்க அவளுக்குத்தான்.

சிவப்பு விழுந்து நிற்கிற வண்டிகள் எல்லாம் எங்கள் கொட்டகைக்குள் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் கிளம்பும். நீங்களும் ஏதாவது ஒரு சிக்னலில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கர்ச்சீப்பை மூக்கில் வைத்தபடி பச்சைக்குத் தவம் கிடந்தவர்தானே? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

வராத வண்டி

கடை திறந்த புதிதில் கறம்பக்குடியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஆர்.சி. புத்தகம், செல்போனில் பைக்கின் போட்டோ. "பொல்யூஷன் எடுக்கணும்" என்றார். வண்டி எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். புகையை அளக்க வண்டி வேண்டுமே என்றேன். என் படிப்பறிவைச் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

மேரி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மிஷினைக் காட்டினாள், குழாயைக் காட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வண்டி ஸ்டார்ட்டே ஆகலம்மா. புகையே விடாத வண்டி. இதவிட சுத்தமான வண்டிக்கா நீங்க சர்டிபிகேட் குடுத்துறப் போறீங்க?"

வெள்ளைப் பூ

கீரமங்கலத்திலிருந்து பூ ஏற்றி வரும் குட்டியானை வேன்காரர் ஒருவர். வண்டி வரும்போது முதலில் மல்லிகை வாசம் வரும், பின்னாலேயே டீசல் நாற்றம் வரும். பில்டரைச் சுத்தம் பண்ணிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பாஸ் ஆகாது என்று போன தடவையே எச்சரித்து அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெம்பு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். கொட்டகை இருண்டது. மேரி இருமிக்கொண்டே "பெயில்" என்றாள்.

அவரால் நம்ப முடியவில்லை. விசாரித்தால், அவர் மெக்கானிக்கிடமே போகவில்லை. நேரே கருப்பர் கோயிலுக்குப் போய், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, வெள்ளை வந்தால் பாஸ் என்று பூக் கேட்டிருக்கிறார். வெள்ளை வந்துவிட்டது. அப்புறம் பில்டர் எதற்கு?

"கருப்பருக்கு வண்டிய ஓட விட்டுக் காட்டுனீங்களாண்ணே?" என்று மேரி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது எப்பிடித் தங்கச்சி? சாமி மேல புகை பட்டா ஆகாதுன்னு ரோட்டுலயே ஆப் பண்ணிட்டுத்தான உள்ள போனேன்."

ஊட்டிக் காற்று

சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒருவரைப் போலீஸ்காரர் மடக்கி, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். கார் நல்ல கார், உடனே பாஸ். ஆனால் மேரிக்கு அன்று பிரிண்ட் எடுக்க முடியவில்லை. இருமல் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான்கைந்து வாரமாகவே அப்படித்தான் இருந்தது. பனிக்காற்று என்றோம், மிளகு ரசம் வைத்தோம், மஞ்சள் பால் காய்ச்சினோம். மூச்சு விடும்போது உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதை இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

சென்னைக்காரர் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை விரலளவு மட்டும் இறக்கி அந்த இடுக்கு வழியாகச் சான்றிதழை வாங்கிக்கொண்டார். போகிறபோது மனம் குளிர்ந்து சொன்னார்: "நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க சார், எங்க ஏரியாவோட பாத்தா இது ஊட்டி."

டாக்டர் வைத்த டெஸ்ட்

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயை மேரி கையில் கொடுத்து, மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதச் சொன்னார். குழாயின் மேல் ஒரு சின்ன முள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. எனக்கு எங்கள் சிக்னல் ஞாபகம் வந்தது. மேரி கண் பிதுங்க ஊதினாள். முள் சிவப்பைத் தாண்டவில்லை. மறுபடி ஊதினாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. எத்தனை வண்டிக்குப் பெயில் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீசிங் என்றார் டாக்டர். வாயில் அடிக்கிற மருந்து எழுதினார். அன்றிலிருந்து உளுந்து, துவரையோடு அதுவும் மாதச் சாமான் ஆகிவிட்டது. அந்தக் குழாயையும் வீட்டுக்குக் கொடுத்து, தினமும் காலையில் ஊதிப் பார்க்கச் சொன்னார். மருந்து பாதிதான், புகை இல்லாத இடத்துக்கு மாறுவதுதான் மீதி என்றார். இப்படியே விட்டால் ஒரு நாள் மருந்துக்கும் அடங்காமல் போகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மேரி என்னை முந்திக்கொண்டு கேட்டாள்: "புகை இல்லாத எடத்துல போயி உக்காந்தா, புகை டெஸ்டுக்கு யாரு டாக்டர் வருவா?"

ராவுத்தர் கணக்கு

பக்கத்துக் கடை ராவுத்தர் அண்ணனுக்கு வேட்டி, துண்டு வியாபாரம். காலையில் வாசலில் வெள்ளை வேட்டியை விரித்து மாட்டுவார். சாயங்காலம் அது சாம்பல் நிறத்தில் இறங்கும். வாசலில் தொங்கின சரக்கு அத்தனையும் தள்ளுபடியில்தான் போகும். எத்தனையோ தடவை உள்ளே மாட்டிப் பார்த்தார். வெளியே வேட்டி தெரியாத கடைக்குள் யாரும் ஏறவில்லை.

மேரிக்கு வீசிங் என்று கேள்விப்பட்டு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வந்தார். கம்ப்யூட்டர் மேஜையைக் கொட்டகையின் கடைசி மூலைக்கு நான் நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். நகர்த்தி என்ன, புகைக்கு மூலை தெரியாதா? அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "வேட்டி கருத்தா தள்ளுபடி போட்டுத் தள்ளிப்புடுறேன் தம்பி. நெஞ்சு கருத்தா எவன் வாங்குவான்?" என்றார்.

அரைச் சுற்று

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புகை கக்குகிற வண்டி நேராக எங்களிடம் வராது. எதிர்ச்சாரி மெக்கானிக்கிடம் போகும். அவர் கார்ப்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிவிடுவார். வண்டி சாதுவாகி, எங்களிடம் வந்து பாஸ் வாங்கும். வாங்கின கையோடு மறுபடி எதிர்ச்சாரிக்குப் போகும். ஸ்க்ரூ பழைய இடத்துக்குத் திரும்பும், புகையும் திரும்பும். இதெல்லாம் என் கண் முன்னால், ரோட்டின் அந்தப் பக்கத்தில் நடக்கும். அந்த நிமிஷம் மிஷின் என்ன சொல்கிறதோ அதைத்தான் நான் அச்சடிக்க முடியும்.

இதில் கெட்டிக்காரர் ஷேர் ஆட்டோ சேகர். மேரியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், கிறிஸ்மஸ் கேக்குக்கு முதல் ஆளாக வருவார். அவர் ஆட்டோ இஞ்சின் ஆயில் குடித்து நீலப் புகை விடும். மெக்கானிக் ஸ்க்ரூவோடு இன்னும் ஏதோ கைவேலை செய்து அனுப்புவார். பாஸ் வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குக் கிளம்பியவரை மேரி ஒரு நாள் நிறுத்தி, அப்படியே ஓட்டினால் என்ன என்று கேட்டாள். சேகர் மனசு நோகாமல் சிரித்தார். "அப்பிடியே ஓட்டுனா இழுவை இல்லாம பாலம் ஏறாது தங்கச்சி. பாஸு வண்டிக்கு, பாலம் வயித்துக்கு."

பாதி வழியில்

தீபாவளி நெருங்கின ஒரு முற்பகல். ஜவுளி எடுக்க வந்த கூட்டத்தில் சிக்னல் திணறியது. வண்டிகள் நகரவே இல்லை, இஞ்சினை அணைத்தவரும் இல்லை. மேரி மருந்தை ஒரு தடவை அடித்தாள். அடங்கவில்லை. மறுபடி அடித்தாள். உதடு நிறம் மாறியதைப் பார்த்ததும் ரோட்டுக்கு ஓடினேன். சத்தம் போட்டேன். எதிர்ச்சாரியிலிருந்து சேகர் ஆட்டோவை வளைத்துக்கொண்டு வந்தார். ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. அது விட்ட புகை காற்றில் சுழன்று பின் சீட்டுக்கே வந்தது. சேலைத் தலைப்பால் மேரியின் முகத்தை மூடினேன். மூடினால் மூச்சு கிடைக்கவில்லை என்று அவள் தள்ளிவிட்டாள். கண்ணாடியில் சேகர் அதைப் பார்த்துவிட்டார். நடு ரோட்டில் இஞ்சினை அணைத்தார். இறங்கி ஓடி, பின்னால் வந்த பேட்டரி ஆட்டோவின் குறுக்கே கையை விரித்து நின்றார். சவாரி பிடிப்பதில் அவருக்கும் அந்த டிரைவருக்கும் தினமும் சண்டை. அன்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினார். எங்களிடம் திரும்பிச் சொன்னார்: "அதுல ஏறுங்கண்ணே. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என் வண்டியே தங்கச்சியக் கொன்னுபுடும்."

சேகர் வைத்த டெஸ்ட்

ஆஸ்பத்திரியில் மூக்கில் புகை மாதிரி மருந்து விட்டு மேரியை மீட்டுக் கொடுத்தார்கள். கடை பூட்டிக் கிடந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது ஆட்டோ ஸ்டாண்டில் சேகரின் வண்டி இல்லை. இஞ்சினைப் போர் வேலைக்கு இறக்கி, பிஸ்டன் ரிங் மாற்றுகிறார் என்றார்கள். அதுவரை சவாரி கிடையாது, வீட்டில் அவர் மனைவியின் தையல் மிஷின்தான் ஓடியது.

ஒரு காலையில் ஆட்டோ வந்தது. எதிர்ச்சாரிப் பக்கம் திரும்பாமல் நேரே எங்கள் கொட்டகைக்கு வந்தது. நான் குழாயை எடுத்தேன். சேகர் தடுத்தார். "மிசினு கெடக்கட்டும்ணே. தங்கச்சி வண்டிக்குப் பின்னால வந்து நிக்கட்டும். இருமல் வரலேன்னா பாஸ் போடுங்க." வேண்டாம் என்றேன். மேரி கேட்கவில்லை, எழுந்து வந்து நின்றாள். சேகர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சைலன்சரில் ஒன்றுமே தெரியவில்லை. மேரி மூச்சை இழுத்தாள், விட்டாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த நொடி இருமினாள். சேகர் பதறிப்போய் இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினார். "சத்தியமா என் வண்டி இல்ல தங்கச்சி! அங்கிட்டு பாரு, பச்சை விழுந்துருச்சு, எல்லாப் பயலும் கெளம்புறான்!"

ஊர் வண்டிகளுக்கெல்லாம் ஆறு மாதம் தாங்கும் என்று அச்சடித்துக் கொடுக்கிற நான், திருக்கோகர்ணம் பக்கம் புகை குறைந்த உள்தெருவில் கடைக்கு ஒரு இடம் அமைகிற வரைக்கும், தினமும் காலையில் காப்பிக்கு முன்னால், டாக்டர் கொடுத்த குழாயை ஊதுகிற மேரியின் எதிரே நின்று, அந்தச் சின்ன முள் இன்றைக்கும் பச்சையைத் தொடுமா என்று என் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.