கிளட்ச் அக்கா

"கண்ணாடியைப் பாருன்னா உன் முகத்தைப் பாக்குற. பின்னாடி வர்ற லாரியைப் பாரும்மா."

காலை ஏழரைக்கே ஆற்றோரச் சாலையில் இந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். குரலுக்குச் சொந்தக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். ஊருக்கு அவர் கிளட்ச் அக்கா.

ஊர் என்பது ஒரு கடைத்தெருவும் நாலு குறுக்குத் தெருக்களும்தான். பாலத்தைத் தாண்டினால் அக்கரை முழுக்க ராணுவ முகாம். இதைப் போல் பத்து ஊர்களை விழுங்கினாலும் அதற்கு ஏப்பம் வராது. அக்காவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிப்பாய்களின் மனைவிமார். பத்து மணிக்கு அக்கரையில் சுடும் பயிற்சி ஆரம்பிக்கும். முதல் வெடிக்கே புதிதாய் வந்தவள் கிளட்சிலிருந்து காலைத் தூக்கிவிடுவாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். அக்கா அசரமாட்டார்.

"அது அவங்க வேலை. உன் வேலை கிளட்ச்."

யார் பெயரும் அவருக்கு நிற்காது, தப்புதான் நிற்கும். எங்கோ தொலைதூர ஊரிலிருந்து பழைய மாணவி போன் செய்தால், "யாரு, ரெண்டாவது கியரை மறந்தவளா? நல்லா இருக்கியா?" என்பார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும்.

பதினாலு வருஷத்துக்கு முன் அவருக்கே ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. கணவர் முகாம் சமையலறையில் வேலை பார்த்தார். ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் சுருண்டு விழுந்தார். தெரு ஆண்கள் எல்லோரும் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் அது. பக்கத்து வீட்டுக் காரைச் சுற்றி நாலு பெண்கள் நின்றார்கள். "வண்டி இருக்கு, சாவி இருக்கு, மூணு மைல்ல ஆஸ்பத்திரி இருக்கு. ஓட்டத்தான் ஆளில்ல" என்று அக்கா இன்றைக்கும் விரல் விட்டுச் சொல்வார். உதவி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. கணவர் பிழைத்தார், வலது கைக்குத்தான் அசைவு திரும்பவில்லை. இப்போது யாருக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்று இடது கையால் குறித்து வைப்பது அவர்தான்.

போன மாதம் ஒரு பெண் வந்து நின்றாள். அக்காவின் கணக்கில் அவள் 'ரிவர்ஸ்ல அழுதவ'. இரண்டு முறை தோற்று, செவ்வாய்க்கிழமைதான் உரிமம் வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை அவள் புருஷன் முகாமிலிருந்து எல்லைக்குக் கிளம்புகிறான். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும்.

"நானே கொண்டுபோய் விடணும்க்கா. அவர் டாக்ஸி சொல்லிட்டேங்கறார்."

"டாக்ஸியை வேணாம்னு சொல்லு. நானும் வர்றேன்."

அது அவர்களுடைய சொந்தக் கார். பயிற்சி வண்டியில் இருப்பதுபோல் அக்காவின் காலடியில் இன்னொரு பிரேக் கிடையாது. புருஷன் பின்சீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாலத்தின் நடுவில், எதிரே ராணுவ லாரிகள் வரிசையாய் வர, கார் அணைந்துபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"கியரை நியூட்ரலுக்கு… இரு, நான் வந்து…" என்று புருஷன் எழுந்தான்.

"தம்பி, பின்சீட்டுல ஸ்டியரிங் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்போ உக்காருங்க."

அக்காவின் கால், இல்லாத பிரேக்கைத் தேடி வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் அது தெரியவில்லை. "யாரும் ஆத்துல குதிச்சிடப் போறதில்ல. லாரி போகட்டும். மூச்சு விட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

ஏழு லாரிகள் கடந்தன. கார் கிளம்பியது. முகாம் வாசலில்தான் மறுபடி நின்றது.

வாசலில் வண்டியை நிறுத்தக் காவலாளி ஒரு நிமிஷம்தான் தந்தான். புருஷன் ஜன்னல் வழியாகக் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். கடைசியில், "திரும்பும்போது பாலத்துல மெதுவாப் போ" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் உள்ளே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஓட்டுறீங்களாக்கா?"

அக்கா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தினார். பஸ்ஸை அனுப்பும் கண்டக்டரைப்போலக் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.