கொட்டாயில் அப்பா நெய்த புடவை

எங்கள் முதலாளியிடம் இரண்டு விதமான தறிகள் ஓடின. பெரிய காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய். ஓடு போட்டதுதான், ஆனாலும் எல்லோரும் கொட்டாய் என்றே சொல்வோம். அதில் அவருடைய சொந்தத் தறி நாலு, நெய்வதற்குக் கூலி ஆட்கள். மற்றதெல்லாம் எங்களைப் போன்ற வீட்டுத் தறிகள். பட்டும் சரிகையும் அவர் கொடுப்பார். நாங்கள் வீட்டில் நெய்து கொண்டுபோய்க் கொடுப்போம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று ஆரணி வியாபாரி ஒருவர் ஒரு முறை கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எல்லாத்தையும் கொட்டாய்ல போட்டா, யாவாரம் படுத்துக்கினு இருக்கிற மழக்காலத்துல அத்தினி பேருக்கும் நான்தாம்பா சோறு போடணும். எல்லாத்தையும் வெளிய குடுத்துட்டா, அவன் சொல்றதுதான் நாள், அவன் கேக்கறதுதான் கூலி. நாலு தறி என் கண்ணு முன்னால ஓடினாத்தான் மத்தவன் சொல்றது நெசமான்னு தெரியும்."

நடுநடுவே நிறுத்தி முதலாளி வெற்றிலைச் சாறு துப்பியதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சொன்னது மண்டையில் ஏறவில்லை. நான் மூன்றாவதோடு நின்றவன். தொடர்ந்து பள்ளிக்கூடம் போயிருந்தாலும் ஏறியிருக்காது.

கோட்டையில் ஆட்சி மாறின வருஷமோ, அதற்கு அடுத்ததோ, அகலக் கரையில் கோபுரமும் அன்னமும் வைத்துப் புதிய புடவை ஒன்று வந்தது. கையை உடைக்கிற வேலை. இதற்கு நாளும் கூடுதலாக வேண்டும், கூலியும் கூடுதலாக வேண்டும் என்று வீட்டுத் தறிக்காரர்கள் போய் நின்றார்கள். என் மாமா, அம்மாவின் அண்ணன், அவர்தான் முன்னால் நின்று பேசினார்.

முதலாளி கோபப்படவில்லை. "உங்கள்ல கை வேகமானவன் ஒருத்தன் கொட்டாய்ல வந்து என் எதிர்ல நெய்யட்டும். அவனுக்கு எத்தினி நாளோ, அதான் எல்லாருக்கும். கூலியும் அத வச்சித்தான்" என்றார்.

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நெய்தால், குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்பதால் அந்தப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். கரை நாடாவைத் தள்ள அப்பா பக்கத்தில் உட்காருபவன் நான். முதலாளியின் மகனுக்கும் என் வயதுதான். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை போடுவான். "எங்கப்பா கையப் பாத்தா உனுக்குத் தல சுத்தும்" என்று முதல் நாளே அவனிடம் பீற்றிவிட்டேன்.

கொட்டாய்த் தறியில் அப்பா உட்கார்ந்தார். நாடா எருமை போல அசைந்து போயிற்று. ஒரு இழை அறுந்தது. நிதானமாக முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு இறுகுவதற்குள் இன்னொன்று. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இன்னாடா, உங்கப்பன் கை பறக்கும்னியே! எறக்க ஒடிஞ்சி பூட்ச்சா?" என்றார் பக்கத்துத் தறிக்காரர். கொட்டாயே சிரித்தது. முதலாளியின் மகன் பொத்தானைத் திருகிக்கொண்டே சிரித்தான்.

"வேகமா போப்பா, எல்லாம் சிரிக்கிறாங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ கரையப் பாருடா."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் முதலாளி தறியருகே வந்து நின்றார். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

"வூட்ல கூட உங்கப்பன் இப்பிடித்தான் நெய்வானா கண்ணு? உண்மையச் சொல்லு."

கொட்டாய் முழுக்க என்னையே பார்த்தது. பொத்தான் சட்டைக்காரனும்தான். இந்த ஆளுக்குப் பிள்ளையாக இருப்பதே எனக்குக் கூசியது.

"எப்பவும் இப்பிடித்தாங்க. அவருக்கு அவ்ளோதான் வரும். நான்தான் சும்மா பீத்திக்கினேன்" என்றேன். அப்பா காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

அப்பாவின் தறியில் ஓர் இழை அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டார்.

பிள்ளை வாயில் வந்ததை முதலாளி நம்பிவிட்டார். அப்பா புடவையை முடித்த கணக்கே எல்லா வீட்டுத் தறிக்கும் கணக்காயிற்று, கூலியும் ஏறியது. கணக்கு முடிவான அன்று சாயங்காலம் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடிக் கடைக்குப் போனார். "புள்ள இன்னாமா சொன்னான் பாத்தியா! அப்பனுக்கு மேல கில்லாடி!" என்று கடைக்காரரிடமெல்லாம் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கிக் கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்தேன். அப்பா சற்றுத் தள்ளி நின்று, அவர் பங்கு காராசேவையும் என் பக்கம் நகர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு வீட்டில் அதே புடவையை அப்பா பழைய வேகத்தில் நெய்தார். முடிந்ததைத் தறியிலிருந்து அறுக்காமல் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, கெடு வரும்வரை எங்களை ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலுக்குக் கூட்டிப்போவார். கொட்டாயில் மட்டும் ஏன் கை வரவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேகமான கை என்று அப்பாவை அதன்பின் ஊரில் யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவரும் சொல்லவிடவில்லை.

நானே தறியில் உட்கார்ந்து, புடவைக்கு இத்தனை நாள் என்று எனக்கும் ஒருவர் கெடு வைத்த பிறகுதான் எல்லாம் புரிந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். கூட்டத்தோடு கூட்டமாக அவரும் என்னைக் கில்லாடி என்று நினைத்தாரா, என் குரலில் இருந்ததைக் கேட்டாரா என்று இப்போதும் யோசிப்பேன். யோசித்தால், நான் பேசியதும் அவர் குனிந்து போட்ட அந்த முடிச்சில் போய்த்தான் நிற்கும். அந்த மூன்று நாளும் அறுந்த மற்ற இழையெல்லாம் அவர் விரலால் நெருடி அறுத்தவை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நான் பேசியபோது அறுந்த அந்த ஒன்றின்மேல் மட்டும் அவர் விரல் இல்லை.